உடும்பு திட்டிய காடு

“‘கரடி பாறைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, மூக்கு மட்டும் வெளியில தெரியுது, இதைப் போய்க் காடுன்னு நம்ம தலையில கட்டிட்டாங்க.’ இதுதானே நீ இப்ப சொன்னது? இதை முதல்ல சொன்னது யாரு? நான்தானே?”

வட்டக்குளத்தின் கரையில் நின்று உடும்பு மரகதம் கத்திக்கொண்டிருந்தாள். எதிரே கீரி தனகோடி வாலை உயர்த்திக்கொண்டு நின்றான்.

“மரகதம் அக்கா, கரடியை நானும்தான் பார்த்தேன். எனக்கும் கண் இருக்கு.”

“கண் உன்னோடது. வாய் என்னோடதுல்ல?”

“மூக்கைப் பத்தி நீங்க பேசவே இல்லை. மூக்கு என் சரக்கு.”

“நீ சொல்றது எல்லாமே என் சரக்குதான்டா. வேணும்னா கூர்மையாவைக் கேளு.”

ஆமை கூர்மையா ஓட்டுக்குள்ளிருந்து தலையை மெதுவாக நீட்டினார். “உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே நான் சொல்ல ஆரம்பிச்சேன். முடிக்கிறதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க.”

சண்டை ஒரு விளையாட்டைப் பற்றியது. ஆற்றுக்கு அக்கரையில், பனந்தோப்பில் குடியிருந்த தூக்கணாங்குருவிகள் பின்னிய விளையாட்டு. பெயர் ‘எல்லையில்லாக் காடு’. ஒரு தாமரை இலையை எடுத்து நகத்தால் தட்டினால் போதும், இலைக்குள் ஒரு காடு திறக்கும். அதில் உங்களைப் போலவே குட்டியாய் ஓர் உருவம் நடக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதன் மேல் வேண்டுமானாலும் ஏறலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குருவிகள் அவசரப்பட்டுவிட்டன. மாம்பழம் மேல்நோக்கி விழுந்தது. மான்கள் காற்றில் நீந்தின. காக்கை ஒன்று தன் கூட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, ‘என் கூட்டைக் காணோம், தேடித் தருவாயா’ என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அழுதது. ஒரே புதரைத் திரும்பத் திரும்ப நட்டு வைத்திருந்ததால் நடந்தவர்கள் நடந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். சூரியன் மேற்கே இறங்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே ஒரு மலை. அதன் மேல் எப்போதும் மூடுபனி. கிட்டே போனால் ‘விரிவு வரும்போது திறக்கும்’ என்று ஒரு பலகை. விரிவு என்றால் காட்டோடு சேர்த்துப் பின்னும் அடுத்த பகுதி. அது வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று குளமே காத்திருந்தது. சும்மா காத்திருக்கவில்லை. திட்டிக்கொண்டே காத்திருந்தது.

வட்டக்குளத்தின் வழக்கத்தை இங்கே சொல்லாவிட்டால் கதை புரியாது. அங்கே யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். எப்போதோ ஒரு கொக்கு, ‘என்ன அழகான மொட்டு’ என்று ஒரு தாமரையைப் பார்த்துச் சொன்னதாம். மதியத்துக்குள் எருமை வந்து மொட்டைத் தண்டோடு தின்றுவிட்டுப் போனது. எருமைக்குப் பசித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் கொக்கின் கண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து குளத்தில் பிரியமும் வசவாகத்தான் வெளியே வரும். மரகதம் தன் குஞ்சுகளை ‘கரிச்சட்டிகளா, வந்து தொலைங்க’ என்றுதான் கூப்பிடுவாள். குஞ்சுகளும் குதூகலமாய் ஓடி வரும். யாரை எவ்வளவு திட்டுகிறார்களோ, அவர்கள்மேல் அவ்வளவு ஆசை என்று அர்த்தம்.

அப்படிப் பார்த்தால் எல்லையில்லாக் காட்டின் மேல் மரகதத்தை விட ஆசை வைத்தவர் குளத்தில் யாரும் இல்லை.

விடிந்தால் வீட்டுக்காரருக்கு நண்டு பிடிக்க வேண்டும். மாமியாருக்குப் பல் போய்விட்டதால் மெத்தென்று நத்தை தேட வேண்டும். குஞ்சுகளுக்கு இடையில் நடக்கும் பஞ்சாயத்தைத் தீர்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு இலையைக் கவ்விக்கொண்டு தாழம்புதருக்குள் நுழைவாள்.

“எங்கே கிளம்பிட்டே?” என்பார் வீட்டுக்காரர்.

“இந்தக் குப்பைல இன்னும் எத்தனை ஓட்டை இருக்குன்னு பார்த்துட்டு வந்துடறேன்.”

ஓட்டை பார்க்கப் போனவள் வெயில் தாழும்வரை வெளியே வர மாட்டாள். உடும்புப் பிடி என்று ஊரில் சொல்வது சுவரைப் பிடிப்பதை மட்டும் அல்ல. ‘பிடிக்காத விளையாட்டை இத்தனை நேரம் பிடிச்சுக்கிட்டிருக்கிற பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்திதான்’ என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். அதையும் விளையாடிக்கொண்டேதான்.

உள்ளே அவள் பெரிதாக ஒன்றும் சாதித்ததில்லை. நேராக வடக்கே போவாள். மலைக்கு எதிரே ஒரு பாறை. அதில் ஏறிப் படுத்துக்கொள்வாள். சிக்கிக்கொண்ட சூரியனின் மஞ்சள் வெளிச்சம் முதுகில் விழும். மூடுபனிக்குப் பின்னால் எங்கோ ஒரு அருவி கொட்டும் சத்தம் கேட்கும். அங்கே யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. நண்டு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒரே ஒரு முறை அந்த அருவிக்குப் போய் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். கண்ணை விடுங்கள், தனகோடி சிரிப்பான்.

அன்று சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு தூக்கணாங்குருவி பறந்து வந்து நாணல் நுனியில் உட்கார்ந்தது. உடும்பும் கீரியும் இருக்கும் இடத்தில் ஒரு குருவி அதற்குமேல் கிட்டே வராது.

“வணக்கமுங்க. என் பேரு மஞ்சரி. அந்தக் காட்டைப் பின்னினவங்கள்ல நானும் ஒருத்தி.”

இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் திட்டியவர்களுக்கு முகம் ஒன்று எதிரே வந்ததும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

“மழைக்கு முன்னால ஒரு வேலைக்குத்தான் எங்ககிட்ட நார் இருக்குங்க,” என்றாள் மஞ்சரி. “ஒண்ணு, வடக்கு மலையைத் திறக்கிற விரிவைப் பின்னணும். இல்லேன்னா காட்டை இப்படியே விட்டுட்டு, மீன் பிடிக்கிற மாதிரி புது விளையாட்டு ஒண்ணு பின்னணும். விளையாடுறவங்க நீங்க. மனசுல உள்ளதைச் சொல்லுங்க. அதைத்தான் செய்வோம்.”

தனகோடி முந்திக்கொண்டான். “மனசுல உள்ளதையா? தாயே, உங்க கரடியைக் கொஞ்சம் வந்து வெளியில இழுத்து விடுங்க. பாவம், மூச்சு முட்டுது.”

“காடு ரொம்ப வேகம்மா,” என்றார் கூர்மையா. “நான் ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள பொழுது சாயுது. சாஞ்சது எழுந்திரிக்கவும் மாட்டேங்குது.”

தவளைகள் சிரித்தன. மஞ்சரி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். நார் கிழித்துக் கிழித்து அவள் அலகின் ஓரம் தேய்ந்திருப்பதை மரகதம் பார்த்தாள். ‘மலையைத் திறந்து விடும்மா’ என்று சொல்லிவிடலாமா? சொன்னால் முடிந்தது காரியம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அதற்குள் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பிவிட்டன. மரகதம் அக்கா இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று தவளைகள் தண்ணீரை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தன. பேர் எடுத்த வாய்க்கு இதுதான் சங்கடம். கூட்டம் கூடிவிட்டால் அது சொந்தக்காரி பேச்சைக் கேட்காது.

“ஏம்மா,” என்று ஆரம்பித்தாள். “உங்க காட்டுல மாம்பழம் வானத்துக்கு விழுது. அதைத் தின்னணும்னா நான் றெக்கை வாங்கிட்டு வரணும். அந்தக் காக்கா கூட்டு மேலேயே உட்கார்ந்துக்கிட்டு கூட்டைத் தேடுது. எங்க மாமியார்கூட அப்படித் தேட மாட்டாங்க. புதர் வைக்கச் சொன்னா ஒரே புதரை வச்சுட்டு ஊரெல்லாம் கண்ணாடி மாட்டி விட்டிருக்கீங்க போலிருக்கே.”

குளம் குலுங்கிச் சிரித்தது.

“அப்போ வடக்கு மலை வேண்டாமுங்களா?” என்று மஞ்சரி மெதுவாகக் கேட்டாள்.

வேண்டும் என்று சொல்லத்தான் மரகதம் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

“மலையா? இருக்கிற மேட்டையே நேரா நிறுத்தத் தெரியலை. உங்களுக்கு மலை ஒரு கேடா?”

வட்டக்குளத்தில் பிறந்த எந்த நண்டுக்குஞ்சுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். மலை கட்டாயம் வேண்டும், சீக்கிரம் வேண்டும், தூக்கம் வரவில்லை என்று அர்த்தம். மஞ்சரி அக்கரைக்காரி. பனந்தோப்பில் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

“உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க,” என்று சொல்லிவிட்டுப் பறந்து போனாள்.

“நல்லாக் குடுத்தீங்க அக்கா,” என்றான் தனகோடி. “பாருங்க, மலை இனி ஜம்முன்னு வரும்.”

“வராமப் போயிடுமா? நான் திட்டின திட்டுக்கு ரெண்டு மலை வரணும்.”

அதன் பிறகு குளத்தில் விரிவைத் தவிர வேறு பேச்சு இல்லை. மலையில் குகை இருக்கும் என்றான் தனகோடி. இருந்தாலும் அதற்குள் யாராவது மாட்டிக்கொண்டு நிற்பார்கள் என்றாள் மரகதம். அவளுக்கு அன்றைக்கெல்லாம் நடையே மாறியிருந்தது. நண்டு பிடிக்கும்போதுகூட வாய்க்குள் எதையோ முனகினாள். மாமியார் அதைப் பாட்டு என்று சந்தேகப்பட்டாள்.

மேகம் கறுத்த ஒரு காலையில் எல்லா இலைகளிலும் ஒரே செய்தி வந்தது. ‘வட்டக்குளத்து அன்பர்களுக்கு, உங்கள் விருப்பப்படியே விரிவைக் கைவிட்டோம். மலையைப் பற்றி இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். மீன் விளையாட்டோடு விரைவில் வருகிறோம்.’

மரகதம் அதை மறுபடி படித்தாள். இலையைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள்.

“யாரோட விருப்பம் இது?”

“நீங்கதானே அக்கா, கேடான்னு கேட்டீங்க,” என்றான் தனகோடி.

“நீ கரடியைச் சொல்லலை?”

“கரடி உங்க சரக்குன்னு நீங்களே சொன்னீங்களே.”

“நான் வேணும்னு சொல்ல ஆரம்பிச்சேன்,” என்றார் கூர்மையா. “அதுக்குள்ள அந்தப் பொண்ணு பறந்துடுச்சு.”

மரகதம் இலையைக் கீழே போட்டாள். ஆற்றில் இறங்கினாள். புது வெள்ளம் இழுத்த இழுப்பில் இரண்டு தடவை மூக்கு மூழ்கியது. அதை விடப் பெரிய கஷ்டம், போய் என்ன பேசுவது என்பது. வாழ்நாளில் எதையும் பாராட்டியதில்லை. நீந்திக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். “காடு பரவாயில்லை.” சே, இது வசவு மாதிரி இருக்கிறது. “காடு தேவலாம்.” இதற்கு அதுவே மேல். ஊரையே வாயால் விலைபேசுகிறவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காமல் நடு ஆற்றில் மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. சிரித்ததில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

பனந்தோப்பில் கூடுகள் மட்டைக்கு மட்டை தொங்கின. முட்டை தின்னும் ஜாதியில் பிறந்துவிட்டு ஒரு கூட்டுக்குக் கீழே வந்து நின்றால் குருவிகள் என்ன நினைக்கும் என்று அவளுக்கும் தெரியும். நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டாள். மரத்தைத் தொடாமல் தள்ளி நின்று தலையைத் தூக்கினாள்.

“மஞ்சரி அம்மா, நான் அந்தக் குளத்துலேர்ந்து வரேன். வாய் நீளமா பேசினேனே, அவதான். உங்க காடு நல்லா இருக்கும்மா. அழகா இருக்கு. அந்தக் கரடி இருந்துட்டுப் போகட்டும், ஒண்ணையும் சரி பண்ண வேண்டாம். அந்த மலையை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்களேன்.”

காற்று அடித்தது. கூடுகள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மறுபடி நேரே நின்றன. ஒன்றிலிருந்தும் ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை. மழை விழ ஆரம்பித்தது. அவள் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

“திறந்து விடுங்களேன்.”

பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று கேட்ட நேரத்தில் சொல்லாத வாய், எத்தனை சாமர்த்தியமாகத் திட்டினாலும் தன் தலையில்தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்.