மூன்றாம் அதிகாரம்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு வேதசாஸ்திரப் பள்ளி இருந்தது. அதன் தலைவர் ஹாலம் ஐயர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார். சீமையில் பெயர்பெற்ற தருக்க சாஸ்திரி. தமிழிலும் ஒரு தருக்க நூல் எழுதியவர். முதுமையில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது.

அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் புத்தகமாக்க வேண்டும் என்று சீமையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஐயர் அந்த வேலையை மாசிலாமணி உபதேசியாரிடம் ஒப்படைத்தார்.

மாசிலாமணிக்குத் தாடி நரைத்துவிட்டது. வாலிபத்திலிருந்தே ஐயரின் நிழல் அவர்தான். ஐயர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "எப்படி இருக்கிறது?" என்று ஐயர் கேட்டால், "ரொம்ப நன்றாயிருக்கிறது ஐயா" என்பார்.

"சற்குணத்திடம் போய்வாரும்," என்றார் ஐயர். "அவரிடம் என் கடிதங்கள் இருக்கும்."

மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை. சற்குணமும் ஐயரின் மாணவர்தான். ஆனால் தருக்க நூலின் மூன்றாம் அதிகாரம் தப்பு என்று வகுப்பு நடுவே எழுந்து சொன்னவர். அந்த வருஷமே கடற்கரை ஊர் ஒன்றுக்குச் சபைக் குருவாகப் போய்விட்டார். ஐயர் கோபித்து அவரை அனுப்பிவிட்டார் என்றுதான் மாசிலாமணி நம்பியிருந்தார்.

சற்குணம் வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க அண்ணாச்சி! ஐயா சுகமா இருக்காங்களா?"

கருப்பட்டிக் காபி வந்தது. பிறகு ஒரு பெட்டி வந்தது.

"பூராவும் எடுத்துட்டுப் போங்க. வாசிச்சா சிரிப்பா வரும். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சண்டைதான்."

திரும்பும் வழியில் ஓர் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மாசிலாமணி பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த கடிதம் எட்டுப் பக்கம்.

'என் அருமைச் சற்குணமே, நீர் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர். மூன்றாம் அதிகாரத்தைக் கிழித்துப் போட்டேன். இதைவிட நல்ல காரியத்தை எனக்கு யாரும் செய்ததில்லை…'

அந்த அதிகாரத்தை அழகான கையெழுத்தில் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் மாசிலாமணி. அவருக்கு ஐயர் எழுதியவை துண்டுச் சீட்டுகள். 'நாளை சீக்கிரம் வாரும்.' 'மை தீர்ந்துவிட்டது.' என் அருமை என்ற சொல் அவற்றில் ஒன்றில்கூட இல்லை.

கடிதத்தை மடிக்கும்போது விரல்கள் அதைக் கசக்கின.

மாதக்கணக்கில் உட்கார்ந்து அவர் அந்த வாழ்க்கையை எழுதி முடித்தார். பேராயர்களுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. சீமைப் பண்டிதர்களுக்கு எழுதியவை இருந்தன. சற்குணத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

முழுவதையும் ஐயருக்குப் படித்துக் காட்டினார். ஐயர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சற்குணத்தின் கடிதங்கள்?"

"கரையான் அரித்துவிட்டது ஐயா."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்."

"அவர் பெயரையுமா?"

மாசிலாமணியின் முகம் சிவந்தது. இத்தனை காலமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இது நியாயமா ஐயா? கூட இருந்தவன் நான். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருந்தவன் நான். பத்துப் பேருக்கு முன்னால் உங்களைத் தப்பு என்று சொன்னவனுக்கு எட்டுப் பக்கம். எனக்கு, மை தீர்ந்துவிட்டது!"

ஐயர் கோபப்படவில்லை. "அந்தக் கடிதம் உம்மிடம் இருக்கிறதா?"

"...இருக்கிறது."

"படியும்."

மாசிலாமணி எடுத்து வந்தார். "என் அருமை" என்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போக நேரமாயிற்று. ஐயர் காத்திருந்தார். மாசிலாமணி மேலே படித்தார்.

'ஆற்றில் தண்ணீர் கலங்கி வருவதால் மலையில் மழை பெய்தது என்று எழுதியிருந்தேன். கலங்கலா மழையைப் பெய்வித்தது என்று கேட்டீர். அடையாளத்தைக் காரணமென்று எழுதிவிட்டேன். சாஸ்திரி என்று பெயர் வாங்கியவன் இப்படி எழுதலாமா? நீர் கேட்டிராவிட்டால் இந்தத் தப்போடுதான் செத்திருப்பேன்.'

எட்டாம் பக்கம் முடிந்தது. வெளியே யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாசிலாமணி, அந்த அதிகாரத்தை நீர் படியெடுத்தீர் அல்லவா?"

"ஆமாம் ஐயா."

"அந்த ஆற்று உதாரணத்தை எழுதும்போது உமக்கு ஒன்றும் தோன்றவில்லையா?"

மாசிலாமணி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோன்றியது."

"எப்போது?"

"முதல் தடவை எழுதும்போதே."

"சற்குணம் சொல்வதற்கு முன்பா?"

"ரொம்ப முன்பு ஐயா. சொன்னால் உங்கள் மனசு நோகும் என்று…"

ஐயர் கையை நீட்டினார். மாசிலாமணி கடிதத்தை அதில் வைத்தார். படிக்க முடியாத கண்களுக்கு அருகில் கொண்டுபோய், ஐயர் அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மாசிலாமணியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியானால் இந்த எட்டுப் பக்கமும் உமக்கு வந்திருக்க வேண்டியவை," என்றார்.