எதிர்ப்பக்கம் கட்டிய பாய்

ஒருமுறை இரண்டு தோணிகள் ஆழ்கடலிலிருந்து சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தன. வழியில் காற்று முற்றியது. பின்னால் வந்த தோணியின் பாய்மரம் முறிந்து விழுந்தது. அதிலிருந்த நாலு பேரும் துடுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

முன்னால் போன தோணிக்குத் தலைவர் தண்டல் கொஸ்தான். உடன் இருந்தவர் அவர் தங்கை புருஷன் சூசை.

“நின்னுதான் ஆகணும் மாப்ள. நாம போயிட்டா அவங்களுக்குக் கரை இல்ல,” என்றார் கொஸ்தான்.

நங்கூரத்தை இறக்கினார்கள். கயிறு முழுதும் போயும் தரை தட்டவில்லை.

“இங்க ஆழம் ஜாஸ்தி. கரைகிட்ட கூப்பிடுங்க, உயிரைக் கொடுக்கிறேன்,” என்றது நங்கூரம். மேலே வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. இப்படிப்பட்டவர்கள் எல்லாப் போராட்டத்திலும் உண்டு.

பாயை இறக்கினால் தோணி நின்றுவிடும் என்று சூசை நினைத்தார். இரண்டு பாய்களையும் இறக்கினார். தோணி நிற்கவில்லை. அலைக்கு விலாவைக் காட்டிப் புரண்டது. இரண்டு அலைகள் உள்ளே வந்து விழுந்தன.

“காத்திருக்கிறதுன்னா படுத்துக்கிறதுன்னு யாரு மாப்ள சொன்னது? ஏத்துங்க,” என்றார் கொஸ்தான்.

பாய்கள் மறுபடி ஏறியதும், அவர் முன்பாயை இழுத்துக் காற்று வரும் பக்கமே கட்டினார். பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்தினார். தோணியின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைத் திருப்பிக் கட்டினார்.

பெரிய பாய்க்குப் பொறுக்கவில்லை. “ஏண்டா முன்பாய், நீ எப்போ காத்தோட கட்சியில சேர்ந்த? பின்னால தள்ளுற.”

“தள்ளத்தான் செய்றேன். அதுக்குத்தான் கட்டியிருக்காங்க.”

“நான் பிறந்ததிலேருந்து முன்னாலதான் போயிருக்கேன்.”

“தெரியும். யாரையெல்லாம் விட்டுட்டுப் போனேன்னு ஒருநாளாவது பார்த்தியா?”

அப்போது வேறொரு தோணி அவர்களைக் கடந்து பறந்தது. அதன் பாய் சிரித்தது. “என்னப்பா, தூக்கமா? இல்ல பயமா?”

பெரிய பாய் கூனிக் குறுகிப் படபடத்தது. முன்னே ஓடுகிறவனுக்குத்தான் கரையில் மாலை. நின்றவனுக்கு யாரும் போட்டதில்லை.

கீழிருந்து சுக்கான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது. “அங்க என்ன பேச்சு? முன்பாய் மூக்கை அந்தப் பக்கம் தள்ளுது. நானும் நீயும் இந்தப் பக்கம் திருப்புறோம். ஒருத்தர் விட்டாலும் தோணி ஓடிடும். உன் பங்கை நீ இழு. கொஞ்சமா இழு.”

பெரிய பாய் முனகிக்கொண்டே இழுத்தது.

தோணி அடங்கியது. காற்றுக்குப் பாதி முகம் காட்டி, அங்குலம் அங்குலமாகப் பக்கவாட்டில் நழுவியது. அது நழுவிய இடத்தில் நீர் மழமழவென்று ஒரு தடமானது. பெரிய அலைகளும் அந்தத் தடத்தைத் தொட்டதும் உடைந்து படுத்தன.

துடுப்புத் தோணி அந்தத் தடத்துக்குள் நுழைந்தது. நாலு பேரின் தலையும் தெரிந்தது.

“இவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு நினைக்கல தண்டல்,” என்றார் முதலில் ஏறியவர்.

“நாங்களும் நினைக்கல. கையைக் கொடு,” என்றார் சூசை.

இரண்டாமவர் ஏறினார். மூன்றாமவரும் ஏறினார். கொஸ்தான் முன்பாயின் கட்டை அவிழ்க்கப் போனார். விடுதலை வரப்போகிற சந்தோஷத்தில் முன்பாய் துடித்தது. “போலாமா அண்ணே?”

பெரிய பாய் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

“பொறு. இன்னும் ஒருத்தர் ஏறணும்,” என்றது பெரிய பாய்.