சுவரில் இரண்டு சிறுவர்கள்

செர்பிய மலைநாட்டில் ப்ரிபாக் குடும்பம் மூன்று தலைமுறை கொடிகட்டிப் பறந்தது. பிறகு துருக்கியப் படை வந்தது. கோட்டை போயிற்று, கொடியும் போயிற்று. மிஞ்சியவன் ராதிச் ஒருவன்தான். ஐம்பத்தைந்து வயதில், தாத்தா கட்டிய மடத்திலேயே வந்து துறவியாகச் சேர்ந்தான்.

மடத்தின் தலைவர் நிகோன் அவனைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய அப்பா ப்ரிபாக் வீட்டு ஆடுகளை மேய்த்தவர். அந்த மேய்ப்பனின் மகனைத்தான் பிரபு வீட்டுப் பிள்ளை இப்போது "தந்தையே" என்று அழைக்க வேண்டியிருந்தது. ராதிச்சுக்கு நாக்கு கூசத்தான் செய்தது.

எட்டு மாதம் அறையைவிட்டு அதிகம் வெளியே வராமல் தன் குடும்பத்தின் வரலாற்றை எழுதினான். பிச்சைக்காரர்கள் கூடும் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தான் செத்தால் ப்ரிபாக் என்ற பெயரும் மண்ணோடு போய்விடும் என்ற பயம் அவனுக்கு. ஒரு சனிக்கிழமை காலை ஏட்டுக் கட்டைக் கொண்டுவந்து நிகோன் முன் வைத்தான்.

"தந்தையே, இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?"

நிகோன் பொறுமையாகப் படித்தார். போர்கள், திருமணங்கள், கட்டிய கோயில்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரலை வைத்தார்.

"'அண்ணன் ஓப்ராத் நோயில் பார்வை இழந்து, மறு வருடமே இறந்தான்.' என்ன நோய்?"

"கண் நோய்."

"சரி. கோயிலுக்குள் வா."

கோயில் கட்டியவரையும் அவர் குடும்பத்தையும் உள்சுவரில் தீட்டுவது அந்த நாட்டு வழக்கம். தாத்தா கோயிலையே பொம்மைபோலக் கையில் ஏந்தி நின்றார். பின்னால் அப்பா. அப்பாவுக்கு முன்னே இரண்டு சிறுவர்கள், ஓப்ராத்தும் ராதிச்சும். வந்த நாளிலிருந்து ராதிச் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் ஜெபித்துவந்தான்.

இன்று பார்த்தான். ஓப்ராத்துக்குக் கண்கள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள்.

ராதிச் நிகோன் பக்கம் திரும்பினான். "எந்தப் பாவி செய்தான் இதை? துருக்கியனா?"

"எதிர்ச் சுவரைப் பார்."

அங்கே புனிதர்களுக்கும் கண்கள் இல்லை. கண்ணில் கோளாறு என்றால் புனிதரின் கண்ணைச் சுரண்டி, அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள் ஊர் மக்கள். ராதிச்சுக்கும் அது தெரியும்.

"புனிதர் கண்ணைச் சுரண்டுவார்கள். என் அண்ணன் கண்ணை எவன் சுரண்டுவான்?"

"உன் அண்ணன்தான்."

"அவன்தான் செத்துப்போய்விட்டானே?"

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கண் போனவன் அங்கே பிரபுவாக முடியாது. சொத்து பிரியக் கூடாது என்று அண்ணன் கண்ணில் வைக்க இரும்பைக் காய்ச்சச் சொன்னவன் ராதிச். வேலை முடிந்ததும் அண்ணனை மலைப்பாதையில் விட்டுவிட்டு வரச் சொன்னான். பனிக்காலம். செத்திருப்பான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டான். நான்காம் வருடம் அந்தச் சொத்து பிரியாமல் அப்படியே துருக்கியருக்குப் போய்ச் சேர்ந்தது.

"என் அப்பாதான் அவரைக் கண்டெடுத்தார்," என்றார் நிகோன். "ஆட்டுக் கொட்டிலில் வைத்துப் பிழைக்கவைத்தார். எல்லாப் புனிதர் கண்ணையும் கரைத்துக் குடித்துப் பார்த்தார் ஓப்ராத். ஒன்றும் நடக்கவில்லை. தன் பழைய கண்கள் இந்தச் சுவரில் இருப்பது ஞாபகம் வந்தது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அதையும் குடித்தார்."

"எட்டு மாதமாக ஏன் சொல்லவில்லை?"

"விட்டுப்போனது என்ன என்று இன்றைக்குத்தானே கேட்டாய்?"

"நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போன சனிக்கிழமை என்னிடம் கேட்டார், 'பக்கத்தில் தம்பி நிற்பானே, அவன் கண்ணைச் சுரண்டிக்கொள்ளட்டுமா?' என்று. 'இது உங்கள் குடும்பச் சுவர், மிச்சமிருப்பவர்களைக் கேட்க வேண்டும்' என்றேன். 'மிச்சம் நான் ஒருவன்தானே' என்று சிரித்தார்."

சுவரில் சின்ன ராதிச் பெரிய கருங்கண்களால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மணி அடித்தது. சனிக்கிழமைகளில், இறந்தவர்கள் பேரில் அவித்த கோதுமையை வாசலில் கொடுப்பார்கள்.

நிகோன் ஏட்டுக் கட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கோதுமைக்கு உன் அண்ணனும் வந்திருப்பார். பதிலை நீயே போய்ச் சொல்."