சிவனணைந்தான் வாய் திறக்கவில்லை

"இந்த மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்றார் டாக்டர் கனகசபாபதி.

அவர் சொன்ன மனுஷன் செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. ஈரத் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு மருத்துவக் கல்லூரியின் நிலவறை. சுவர் நெடுக இரும்பு இழுப்பறைகள். உள்ளே மெழுகுக் கட்டிகள், நாற்பதாயிரமாவது இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவர் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு. ஆள் போய்விட்டார், துணுக்கு இருக்கிறது. சித்திரை வெயிலுக்கு அந்த மெழுகு வியர்க்கும். அங்கே தனியாக உட்கார எவருக்கும் மனசு வராது. ஜெசிந்தா மட்டும் மத்தியானம் அங்கேயே நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவாள்.

அவர் பேராசிரியர். அவள் சாயம் போடுகிற டெக்னீஷியன், வயசிலும் அவரைவிட இருபது வருஷம் சின்னவள். ஆனாலும் சாயம் பிடிக்காத ஸ்லைடு கையில் வந்துவிட்டால் படியிறங்கி அவளிடம்தான் வருவார். கல்லூரியில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்கிற ஆளை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு மாடிக்கு மேலே பெஞ்சில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன சிவனணைந்தானின் மகள். அப்பா குடல் புற்றில் போனபோது அவளுக்குப் பத்து வயசு. இப்போது முப்பத்தாறு. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இன்னும் இல்லை.

அந்தப் புற்று தலைமுறை தலைமுறையாக வருகிற வகையாக இருந்தால் அடுத்து உன் கர்ப்பப்பையில் வரலாம், முன்னாலேயே எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை என்று வந்தது. இனி அப்பாவின் கட்டிதான் சொல்ல வேண்டும்.

கேள்வி ஒன்றுதான். அந்தக் கட்டியில் ஒரு புரதம் இருக்கிறதா? இருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும், பயமில்லை. இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். நின்றால் வெள்ளிக்கிழமை.

மூன்று தடவை போட்டுவிட்டதாகச் சொன்னார் டாக்டர். மூன்று தடவையும் நீலம். சாயத்தில் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை. போன வாரம் எடுத்த ஒரு குடல்வாலையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே போட்டிருந்தார், அது பளிச்சென்று பழுப்பாக வந்தது. ரிப்போர்ட் அவர் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

ஜெசிந்தா ஸ்லைடை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவர் பிறந்தாரா சார்?"

"என்ன கேள்வி இது?"

"உங்க ஸ்லைடுபடி பிறக்கவே இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். கட்டி நீலம். அதை ஒட்டியிருந்த நல்ல குடலும் நீலம். இடையில் சிதறிக் கிடந்த வெள்ளணுக்கள், அவையும் நீலம். நோயில்லாத சதையில் அந்தப் புரதம் இருந்தே ஆக வேண்டும். உயிரோடு நடமாடிய யாருக்கும் இருக்கும். மூன்று தடவையும் அவர் கட்டியை மட்டுமே பார்த்திருந்தார், பக்கத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் ஒரு ஆள் முழுசாகவே இல்லை.

"செத்தவங்க வாயை யார் சார் கட்டுவாங்க?" என்றாள்.

சாவு வீட்டில் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டுவார்களே, அந்த நாடிக்கட்டைத்தான் கேட்கிறாள்.

"வீட்டு ஆளுங்கதான்."

"இவருக்கு யார் கட்டினாங்கன்னு பாருங்க."

பழைய பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினாள். விளிம்பெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அவர் விரலை வைத்துத் தேடினார். சிவனணைந்தான், குடல். வந்து சேர்ந்தது ஜனவரி பதின்மூன்று, போகி. மெழுகில் ஏற்றியது ஜனவரி பத்தொன்பது. பொறுப்பு மாணவர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே வால் இழுத்திருந்தது.

அந்த வாலை அவர் இன்றைக்கும் இழுக்கிறார்.

அந்த வருஷம் அவருக்குத் தலைப்பொங்கல். மாமனார் வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். சதையை, கெடாமல் இருக்க, ஃபார்மலின் ஜாடியில் போட்டு மூடிவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஓடிப்போனது ஞாபகம் வந்தது. ஒரு நாள் ஊறினால் போதும் அது. ஆறு நாள் ஊறினால் உள்ளே இருக்கிற புரதமெல்லாம் ஒன்றோடொன்று இறுகி முடிச்சுப் போட்டுக்கொள்ளும், சாயம் கிட்டே போக முடியாது. வருஷா வருஷம் இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறவர்தான். வெட்கத்தில் காது சுட்டது.

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து சிவனணைந்தானை எடுத்தாள். பதிவேட்டின் அதே பக்கத்தைப் பார்த்து இன்னொரு மெழுகுக் கட்டியையும் எடுத்தாள். யாரோ ஒரு கிழவரின் குடல்வால், அதுவும் போகியன்று வந்தது. டாக்டர் கொண்டுவந்திருந்த புதுக் குடல்வால் ஸ்லைடை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"இது போன வாரத்து ஆள். இவருக்குச் சாட்சி சொல்ல, இவர்கூட அந்த ஆறு நாளும் ஊறினவர் வேணும் சார்."

இரண்டு கட்டிகளையும் பனிக்கட்டி மேல் கவிழ்த்து வைத்தாள். குளிர்ந்ததும் சிவனணைந்தானைக் சீவும் கருவியில் பொருத்தி மேல் தோலைச் சீவித் தள்ளினாள். அந்தப் பக்கம்தான் இருபத்தாறு வருஷமாகக் காற்றில் கிடந்தது. மெழுகுச் சுருள்கள் கீழே விழுந்துகொண்டே இருந்தன. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. துணுக்கே கொஞ்சம்தான், தீர்ந்துவிட்டால் கேட்கிறதற்கு ஆளே இருக்காது.

அவள் கையை நிறுத்தினாள். மெழுகுக்கு வெகு கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"சிவனணைந்தான்" என்றாள்.

மற்றவர்கள் எண்ணைத்தான் வாசிப்பார்கள். பேரைச் சொல்கிறவள் இவள் ஒருத்திதான். சொல்லிவிட்டு அந்த மெழுகின் மேல் மெல்ல ஊதினாள். சீவல் நொறுங்காமல் வர எல்லாருமே அப்படி ஒரு மூச்சு விடுவதுண்டு, அதிசயம் இல்லை. ஆனாலும் டாக்டர் காரணமே இல்லாமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

கிழவரையும் சீவி, சீவல்களைக் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டினாள். அப்புறம் குக்கர். வீட்டில் பருப்பு வேக வைக்கிற அதே குக்கர்தான், இந்தக் கல்லூரியில் முடிச்சை அவிழ்க்கிற கருவி அது. வழக்கமான புளிப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காரத்தன்மை உள்ள தண்ணீரை ஊற்றினாள். ஸ்லைடுகளை உள்ளே இறக்கினாள். மற்ற நாளில் இரண்டு விசிலில் அணைத்துவிடுவாள். இன்று விசில் வந்த பிறகு தணலைக் குறைத்து அப்படியே விட்டாள். டாக்டர் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தார்.

அடுப்பை அணைத்ததும் அவர் அவசரமாக வெயிட்டைத் தூக்கப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் பனிக்கட்டியாக இருந்தது.

"தானா ஆறணும் சார்."

குக்கருக்குள்ளிருந்து அவ்வப்போது ஒரு சத்தம் வந்தது, ரொம்ப நாள் பேசாத ஒருத்தர் தொண்டையைச் செருமுகிற மாதிரி. ஆவிதான், வேறென்ன. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சாயம் ஏறி முடிய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

முதலில் கிழவரை வைத்தாள். பழுப்பு. சாட்சி சரி.

பிறகு சிவனணைந்தான். டாக்டர் குனிந்தார். ஓரத்தில் வெள்ளணுக்கள், ஒவ்வொன்றும் பழுப்பாக, இருட்டில் விழித்திருக்கிற கண்கள் மாதிரி அவரையே பார்த்தன. பக்கத்தில் நல்ல குடல், அதுவும் பழுப்பு. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கட்டி. திருகின் மேல் இருந்த கை நகரவில்லை. பயந்துவிட்டார் மனுஷன்.

ஜெசிந்தா தன் விரலால் திருகை நகர்த்தினாள்.

கட்டி முழுக்கப் பழுப்பு.

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். அவள் அதற்குள் மெழுகுக் கட்டியை அதன் பழைய இடத்தில் வைத்து இழுப்பறையை மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் படியேறிப் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்னே உலகம்மாள் எழுந்து நின்றாள்.

"சார், கீழே யாராச்சும் எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா? பதினோரு மணி இருக்கும்."

நடுவில் இரண்டு மாடி, அத்தனை கான்கிரீட். மூன்று தடவை போட்டும் வராத சாயம் இப்போது வந்துவிட்டது, அப்பாவின் கட்டியில் புரதம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நீ வர வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னார் டாக்டர். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் பக்கத்திலேயே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூணு தடவை கேட்டீங்களே சார். அப்பா ஏன் அப்பவே சொல்லலை?"

"நான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன்மா" என்றார் டாக்டர்.