பின்னால் நிற்பவன்

"எனக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான், சிஸ்டர். அவனைப் போகச் சொல்லுங்க."

சொன்னவர் டோனல் டிரிஸ்கல். ஒரு காலத்தில் அயர்லாந்து அணியின் டிஃபெண்டர். ஆறடி உயரம், உடைந்து கூடிய மூக்கு. அவர் போட்ட கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தடுத்தவற்றுக்குக் கணக்கில்லை. கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும். தடுத்தவனுக்கு முழங்கால் வலிதான் மிச்சம்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சிஸ்டர் கோப்னெட். மேற்குக் கடலில் ஒரு பாறைத் தீவில் தனியாக வாழும் கன்னியாஸ்திரீ. டோனலின் வயதில் பாதிகூட இராது. கால்பந்து ஆட்டம் பார்த்ததே இல்லை. ஆனாலும் கரையில் யாருக்கு மனம் குழம்பினாலும் படகேறி அவரிடம்தான் போவார்கள்.

அன்று தீவு முழுக்க மூடுபனி.

ஆட்டத்தை விட்ட நாளிலிருந்தே இப்படித்தான் என்றார் டோனல். கடைத்தெருவில், படுக்கையில், குளிக்கும்போதுகூட முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சிரைக்கிறார்கள். சிமெண்டுத் தரையில் நடந்தாலும் பின்னால் பூட்ஸ் சேற்றில் அழுந்தும் சத்தம். திரும்பினால் யாருமில்லை. டாக்டரிடம் போயாயிற்று, பாதிரியாரிடமும் போயாயிற்று. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்.

சனிக்கிழமை மகள் ஓர்லாவுக்குக் கல்யாணம். கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அத்தனை தூரம் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை.

"உங்களுக்குத் தெரியறானா, சிஸ்டர்?"

அவர் டோனலின் தோளுக்கு மேலே பார்த்தார். "பனிதான் தெரியுது."

பிறகு கேட்டார்: "மைதானத்துல பின்னால நிக்கிறவனை எப்படிப் பார்ப்பீங்க?"

"பார்க்க மாட்டோம். கண்ணு பந்து மேலயே இருக்கும். ஒரு கையைப் பின்னால நீட்டி அவன் சட்டையைத் தொட்டுக்கிட்டே இருப்போம். எங்க நிக்கிறான்னு கை சொல்லிடும்."

"இவனைத் தொட்டீங்களா?"

பயம் என்று சொல்ல டோனலுக்கு வெட்கமாக இருந்தது.

"தொடுங்க."

இடது கையைப் பின்னால் நீட்டினார். பனிக்குள் அது மணிக்கட்டு வரை மறைந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சட்டை. நனைஞ்சிருக்கு. சூடா இருக்கு."

"கையை எடுக்காதீங்க."

"நம்பர் தைச்சிருக்கு." விரல்கள் தையலோடு மெல்ல நகர்ந்தன. "அஞ்சு." "என்னோட நம்பர், சிஸ்டர்."

"நம்பரை எங்க தைப்பாங்க?"

"முதுகுல."

"அப்ப அவன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான்?"

"வெளியே பார்த்து. என் முதுகுக்குக் காவலா." டோனல் கையை எடுத்துக்கொண்டு, கரைக்கு அடுத்த படகு எப்போது என்று கேட்டார்.