மூடியைத் திறந்த பேச்சிக்கனி

பிஸ்கட் கம்பெனி மேனேஜர் சங்கரநாராயணன் எழுதிய பயிற்சிப் புத்தகத்தில், ‘மூடியைத் திறந்தாலே மிஷின் நின்றுவிடும், தைரியமாகக் கை விடலாம்’ என்றிருந்தது. அது பழைய மிஷினுக்கு. இப்போதிருக்கும் மிஷின் நிற்காது. யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

“புத்தகத்தில் ஓர் எழுத்து மாறாது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்காதவங்க வேலைக்கு வர வேண்டாம்.”

பேக்கிங் பேச்சிக்கனி நூறு வாங்கினாள். மேனேஜர் எல்லார் முன்னாலும் மெச்சிக்கொண்டார். அவளோ ஓடுகிற மிஷினின் மூடியைத் திறந்தாள்.

“நீங்களே ஒருதரம் கை விட்டுக் காட்டுங்க சார், எல்லாரும் பார்த்துக்கிடட்டும்.”

மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். புத்தகம் அன்றைக்கே மாறியது.

எல்லாரும் கைதட்டினார்கள். போன மாதம் நூறு வாங்கிய தோழி வடிவு, கட்டுப்போட்ட கையோடு கேட்டாள்:

“இதைப் போன மாசமே கேட்டிருக்கக் கூடாதாடி?”