ரெண்டு ஊத்து வெந்நீர்

நாகர்கோவிலில் பெனிட்டா என்றொரு கேக் டீச்சர். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளிடம் படித்தவர்களில் மூத்தவள் தங்கபுஷ்பம். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷம் சந்தையில் வாழைத்தாருக்குப் பேரம் பேசிய வாய். இன்னொருத்தி ஹெலன். சேர்ந்து ஆறே மாசம்.

டீச்சர் மஸ்கட்டுக்கு, கணவனிடம் போகிறாள். வகுப்பை இந்த இருவரில் ஒருத்தியிடம் விட்டுப்போவதாகச் சொல்லியிருந்தாள். கடைசியாக ஆளுக்கொரு பனாஃபி பை செய்யச் சொன்னாள். பிஸ்கட் தூளை வெண்ணெயில் பிசைந்து அடியில் ஓர் அடுக்கு, அதன்மேல் டாஃபி, அதன்மேல் வாழைப்பழம், உச்சியில் கிரீம்.

டாஃபிக்கு, சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் டப்பாவைத் திறக்காமலே தண்ணீரில் முங்கவிட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். தண்ணீர் வற்றி டப்பா வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். முதல் வகுப்பிலேயே டீச்சர் சொன்ன பாடம் அது.

ஒரே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பானையும் ஏறின. தங்கபுஷ்பம் டீச்சரை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. ஹெலனுக்குத் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"உங்களுக்குச் சொன்னதுதான் அக்கா."

"பிறகு எப்படி அவ செய்தா மட்டும் எல்லாரும் ரெண்டாவது துண்டு கேக்காங்க? நான் நேத்து வாழைப்பழத்தைப் பாத்தவளா?"

"அவளைக் கவனிச்சுப் பாருங்க. கண்டதை நோட்டுல எழுதிக்கிடுங்க."

டீச்சர் அடுக்களை தெரியும்படி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். தங்கபுஷ்பம் அடுக்களைக்குள் ஒரு முக்காலி போட்டு, ஹெலனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்தக் கை எங்கே போனாலும் இவள் கண்ணும் போனது. ஹெலன் பழத்தை எத்தனை கனத்துக்கு நறுக்கினாள், கிரீம் கிண்ணத்தை எங்கிருந்து எடுத்தாள், எல்லாம் நோட்டில் ஏறியது. தன் பானை தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அரைமணிக்கொரு தரம் ஹெலன் கெட்டிலோடு அடுப்படிக்குப் போனாள். அவள் முதுகு அடுப்பை மறைத்தது. கை மட்டும் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

"என்ன பிள்ளே, மந்திரிக்கிறியா?"

"வெறும் வெந்நீர்தான் அக்கா."

"நான் நம்பிட்டேன்." அதையும் எழுதிக்கொண்டாள்.

டப்பாக்கள் ஆறியதும் திறந்தார்கள். ரெண்டிலும் டாஃபி செக்கச்செவேலென்று திரண்டிருந்தது. ஹெலன் செய்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தங்கபுஷ்பமும் அப்படியே அடுக்கினாள். டீச்சர் ரெண்டையும் ருசி பார்த்தாள்.

"வித்தியாசமே தெரியல. உங்க டாஃபி ஒரு பொட்டு கூடுதலாவே நல்லாருக்கு அக்கா."

"அப்ப வகுப்பு எனக்குத்தான?"

"ஹெலனுக்கு."

ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் வீசினாள் தங்கபுஷ்பம்.

"என் சரக்கு நல்ல சரக்குன்னு உங்க வாயாலயே சொல்லிட்டு, கடையை அவளுக்குக் குடுப்பீங்களா? அவகிட்ட இருக்கது என்னன்னு இன்னைக்குச் சொல்லாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. வாசிங்க."

கோபத்தோடு வாசித்தாள். "பழம் அரைவிரல் கனம். எலுமிச்சை நாலு சொட்டு. கிரீம் கிண்ணம் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தது. கெட்டில் வெந்நீர், அஞ்சு தடவை. தடவைக்கு ரெண்டு ஊத்து..."

"நிறுத்துங்க." டீச்சர் சிரிக்கவில்லை. "நான் சோபாவை விட்டு எழும்பல. நீங்க முக்காலியை விட்டு எழும்பல. ஒரு ஊத்து அவ பானைக்கு. இன்னொண்ணு எங்க போச்சு அக்கா?"